காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு

நேற்றுக் காலை நடந்து முடித்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் பாராட்டுப் பத்திரம். ஐம்பது நிமிடம் இடைவிடாமல் நடந்திருக்கிறேனாம். வாழ்த்துச் சொல்லி, பக்கத்தில் சின்னதாக ஒரு கோப்பைப் படமும் போட்டிருந்தது. பள்ளிக்கூடச் சாக்கு ஓட்டத்தில் ஒரு சோப்பு டப்பாகூட வாங்கியறியாதவனுக்கு ஐம்பத்தாறு வயதில் கோப்பை! ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"எல்லாருக்கும் குடுக்குமாட்ட இருக்குதுங்க அது. வெச்சுட்டுக் காபியக் குடிங்க" என்றாள்.

சர்க்கரை போடாத காபி. போன மாதம் டாக்டர் என் பேரிலும் சுகர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்துக்கொண்டே வாழ்த்தை இன்னொரு முறை படித்தேன். 'இடைவிடாமல்' என்ற சொல்லில் மனம் சிக்கிக்கொண்டது. திருப்பூர்ச் சாலையில் ஒரு மனிதன் ஐம்பது நிமிடம் இடைவிடாமல் நடப்பதா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்காக நானும் யூசுப் மாஸ்டரும் பட்ட பாட்டை இந்தக் கைபேசியிடம் சொன்னால் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, காதர்பேட்டையை ஒட்டிய சந்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை. வேலையில் கை இருந்ததே தவிர, நினைப்பெல்லாம் உடம்பின் மேல்தான். என் உடம்பைச் சொல்கிறேன். தபாலில் ஒரு மார்புப் பயிற்சிக் கருவி வரவழைத்தேன். இரண்டு கைப்பிடிகள், நடுவே மூன்று சுருள்வில்கள். இழுத்து விட்ட முதல் நாளே அது மார்பு முடியைக் கவ்விக்கொண்டது. அறைத் தோழன் கத்தரிக்கோலோடு வந்துதான் என்னை விடுவித்தான். ஸ்கிப்பிங் கயிறு வாங்குவானேன் என்று ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக்கில் ஒன்று செய்துகொண்டேன். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி நீண்டு, திரும்பி வந்து முதுகில் சாத்தியது. டெய்லர்களின் வேகத்தை அளக்கக் கம்பெனி வாங்கிய ஸ்டாப்வாட்ச் ஒன்று, டெய்லர்கள் முகம் சுளித்ததால் மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கம்பெனியில் என்னை 'பி.டி. வாத்தியார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது கிண்டல் என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

ஒருவர் மட்டும் அதைக் கடைசிவரை நிஜமென்றே நம்பினார். அவர்தான் யூசுப் மாஸ்டர், எங்கள் கட்டிங் மாஸ்டர். மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்ன் அட்டை வைத்துக் கோடிழுத்து, வெட்டித் தருவது அவர் வேலை. கோடு அரை விரல் விலகினால் நூறு பனியனுக்குக் கை கோணிக்கொள்ளும். காதில் சாக்பீஸ், தோளில் டேப்பு, வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக நின்றபடியே வேலை செய்தவர். கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் யாராவது நாற்காலி போட்டால் காலால் தள்ளிவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் துணி ரோல்களுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க எக்சர்சைசெல்லாம் தெரிஞ்சவருங்களே. எனக்குச் சுகர்னு சொல்லிப்போட்டாருங்க டாக்டரு."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"செருப்பு கழண்டது தெரியாம ரெண்டு வீதி நடந்திருக்கறனுங்க. பொறகால வந்தவரு கையில எடுத்துட்டு வந்து குடுத்தாரு."

டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். மாத்திரை, பத்தியம், அதோடு தினம் ஒரு மணி நேரம் நடை. நடுவில் நிற்கக் கூடாது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடக்க வேண்டும். மூன்று மாதத்தில் இறங்கவில்லை என்றால் தினமும் ஊசி, நின்று செய்யும் வேலையையும் விட்டுவிட வேண்டும். "நாள் பூராம் நிக்கறனே டாக்டர், அது சேராதுங்களா?" என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். நிற்பது வேறு, நடப்பது வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க தம்பி. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே சேர் போட்டுருவாருங்க."

முதலாளியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப நல்லவர். அதுதான் சிக்கல். 'மாஸ்டர், நீங்க உக்காந்து பாத்துக்கங்க, பசங்க வெட்டட்டும்' என்பார். யூசுப் மாஸ்டருக்கு முன்னால் ஒரு இஸ்திரி மாஸ்டர் அப்படித்தான் அன்பாக உட்கார வைக்கப்பட்டார். அடுத்த வருடம் நாற்காலி மட்டும் இருந்தது.

எனக்கோ தலை கால் புரியவில்லை. முதன்முதலாக ஒரு சிஷ்யர்! அன்று மாலையே நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், தூரம், குறிப்பு என்று நான்கு பத்தி பிரித்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு மங்கலம் ரோட்டில் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். நூறு அடி போயிருக்க மாட்டோம், ஒரு மொபெட் வந்து நின்றது.

"ஏனுங்க மாஸ்டர், நடந்து போறீங்க? ஏறுங்க."

"இல்லீங்க, சும்மா..."

"சும்மா எதுக்குங்க நடக்கறீங்க? ஏறுங்க, எறக்கி உட்டுட்டுப் போறன்."

"பரவால்லீங்க, நீங்க போங்க."

"அட, எம்மேல எதாச்சும் வருத்தங்களா?"

அந்தக் காலத்துத் திருப்பூரில் மனிதர்கள் எதையாவது பிடிக்கத்தான் நடந்தார்கள், ஷிப்டையோ பஸ்ஸையோ. வெறுமனே நடக்கிற மனிதரைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவது, வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி. ஏற மறுத்தால் பகை. நடைப்பயிற்சி என்று சொன்னாலோ, 'ஏனுங்க, உடம்புக்கு என்ன?' என்று கேள்வி வரும். மத்தியானத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். நின்று, சமாதானம் சொல்லி, அவர்கள் வீட்டு நலம் விசாரித்து அனுப்புவதற்குள் அடுத்த வண்டி. காதர்பேட்டையில் மாஸ்டருக்குத் தெரியாதவர் யார்? அன்று பதினோரு வண்டிகள், மூன்று டீக்கடை அழைப்புகள். ஸ்டாப்வாட்ச் கணக்குப்படி நிஜமாக நடந்தது ஒன்பது நிமிடம்.

சிஷ்யருக்காக நான் ஒரு தியாகத்துக்கு முன்வந்தேன். வண்டி நின்றதும், "நான் ஏறிக்கறனுங்க, மாஸ்டர் பையத்தான் வருவாரு" என்று பின்னால் தாவி உட்கார்ந்துவிடுவேன். வண்டிக்காரருக்கும் மனக்குறை இராது. அடுத்த டீக்கடையில் இறங்கி, ஒரு போண்டாவைத் தின்றுகொண்டு மாஸ்டர் வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். ஆனால் நான் போன பிறகு வருகிற வண்டியில் யார் ஏறுவது? அந்த முறை நான்கு நாளில் தோற்றது. என் எடை மட்டும் ஒரு கிலோ கூடியது.

பிறகு ஊர் மாறிப் பார்த்தோம். என் சொந்த ஊர் சாமளாபுரம். பஸ் ஏறிப் போய் அங்கே குளத்தங்கரையில் நடந்தால் மாஸ்டரை யாருக்கும் தெரியாதே! யோசனை நல்லதுதான். எனக்கு அங்கே தெரியாதவர் இல்லை என்பதை மட்டும் மறந்துவிட்டேன். கரையில் கால் வைத்ததும் பெரியப்பா சைக்கிளில் வந்தார். வயது அறுபத்தைந்து, பெல்ட் அறுந்த விசைத்தறிக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, பஸ் போயிருச்சா? ஏறு, ஏறு. நீங்களும் வாங்க சாமி, கேரியர்ல உக்காருங்க."

மறுக்க மறுக்கக் கேட்கவில்லை. நான் முன்கம்பியில், மாஸ்டர் கேரியரில். மேட்டில் பெரியப்பா எழுந்து நின்று மிதித்தார். அவர் வியர்வை என் பிடரியில் சொட்டியது. அன்றைக்கு உடற்பயிற்சி கிடைத்தது பெரியப்பா ஒருவருக்குத்தான்.

அடுத்தது உடை. விளையாட்டுக்காரர் மாதிரி உடுத்தினால் யாரும் ஏறச் சொல்லமாட்டார்கள் என்று கண்டுபிடித்தேன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய கம்பளி மாதிரித் தடித்த துணி, பனி பெய்கிற ஊருக்கு நெய்தது. மெரூன் நிறத்தில் இரண்டு செட் தைத்தோம். சித்திரை மாதம். பத்து நிமிடத்தில் இருவரும் சாயப்பட்டறையிலிருந்து தூக்கிப் போட்ட துணி மாதிரி ஒழுகினோம். ஒரு வேன் நின்றது. "புது வாட்ச்மேனுங்களா? எந்தக் கம்பெனி? டியூட்டிக்கு நேரமாச்சு, ஏறுங்க" என்றார் டிரைவர். மாஸ்டர் அதற்குப் பிறகு அந்த உடுப்பைப் போடவில்லை. மடித்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் வீணாகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆணி எங்களைக் காப்பாற்றியது.

அன்று நான் சைக்கிளில் மாஸ்டரை அழைக்கப் போனபோது பின்சக்கரம் பஞ்சர். தள்ளிக்கொண்டே நடந்தோம். முதல் மொபெட் வந்தது. வேகத்தைக் குறைத்து, "பஞ்சருங்களா?" என்றது. "ஆமாங்க" என்றோம். "முன்னால கடை இருக்குது பாருங்க" என்று போய்விட்டது! இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். சைக்கிளை விட்டுவிட்டு வரச்சொல்ல யாருக்கும் மனம் வராது. சைக்கிளையும் சேர்த்து ஏற்ற மொபெட்டில் இடமிருக்காது. யாருக்கும் வருத்தமில்லை, யாரும் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். நிற்காத நடை!

"மாஸ்டர்! இனி தினமும் பஞ்சருங்க!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

மறுநாள் முதல் கிளம்பும்போதே வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். மாஸ்டர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார், நான் பக்கத்தில் நடப்பேன். ஒரு வாரம் அமோகமாகப் போனது. எட்டாம் நாள் மணி வழியை மறித்தார். மங்கலம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். கடையைக் கடக்கும்போதே ரப்பர் சொல்யூஷன் வாசம் மூக்கில் ஏறும். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் என் கால் தானாக வேகம் பிடிக்கிறது.

"மாஸ்டர், ஒரு வாரமா பாக்கறன். தெனமும் பஞ்சர் வண்டியத் தள்ளீட்டு எங் கடையத் தாண்டிப் போறீங்க. வேற கடையில ஒட்டறீங்களா? நான் எதாச்சும் தப்பா ஒட்டிப்போட்டனுங்களா?"

மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சட்டென்று மணியின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மணி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க படிச்சவரே, காத்தில்லாம தெனமும் உருட்டுனா ரிம்மு டயரத் தின்றாதுங்களா? இதுக்குத்தான் காலேஜுக்குப் போனீங்களா?"

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டியூபை உருவினார். கடையில் கை துடைக்க வைத்திருந்த பனியன் கட்டிங் வேஸ்டை முறுக்கி முறுக்கி டயருக்குள் திணித்தார். பார்வைக்குக் காற்றுப் போன மாதிரியே நசுங்கியிருக்கும், ஆனால் ரிம் தரையைத் தொடாது. "இனி எத்தன மைல் வேண்ணாலும் போங்க. ஆராச்சும் கேட்டா, மணி கடைக்குத்தான் போறம்னு சொல்லுங்க" என்றார். அந்த ரகசியம் அவர் கடையைத் தாண்டவில்லை.

இனி சுகர் இறங்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் காலத்தில் அதை வீட்டிலேயே பார்ப்பார்கள். டாக்டர் ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, மூத்திரம் சில சொட்டு விட்டு, தீயில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம். என் அறையின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான் அந்தச் சோதனை. அதே ஸ்டவ்வில் அறைத் தோழன் உப்புமா கிண்டுவான். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆறு வாரம் முடிந்து பார்த்தோம். செங்கல்.

நான் உடனே கம்பெனியிலிருந்து சாய நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேடு கார்டை எடுத்து வந்து, குழாயை அதன் மேல் வைத்து, "கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கமாத் தெரியுதுங்க" என்றேன்.

"டியூப்லைட்டுல ஷேடு பாக்காதீங்க தம்பி. வெயிலுக்குக் கொண்டு வாங்க."

வெயிலில் பார்த்தோம். சுத்தமான செங்கல். மாஸ்டர் ரொம்ப நேரம் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம் சரியாக ஏறாத ரோலைத் திருப்பி அனுப்பும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"போதும் தம்பி. நாளைக்கு மொதலாளிகிட்டச் சொல்லிப்போடறன். சேர்ல உக்காந்துக்கறன்."

"டாக்டரை ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லலாங்க மாஸ்டர்" என்று கெஞ்சி, இழுத்துக்கொண்டு போனேன். நோட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் முன்னால் அதைப் பெருமையாக விரித்தேன். அவர் தேதி, நேரம், தூரம் எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து, குறிப்புப் பத்தியில் நின்றார்.

"இதென்ன, தினமும் 'கு. இ. ட.'ன்னு போட்டிருக்கு?"

"குளுக்கோஸ் இரண்டு டம்ளருங்க டாக்டர். நடந்து முடிச்சதும் தெம்புக்குக் கரைச்சுக் குடுத்துடுவனுங்க. விளையாட்டுக்காரங்க எல்லாரும் குடிக்கறதுதானுங்களே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு நிஜமாகவே தெரியாது. மாஸ்டர் டீயில் சர்க்கரை போடாமல் போலீஸ்காரன் மாதிரிக் காவல் காத்தவன் நான்தான். கல்யாண வீட்டில் அவர் இலையிலிருந்து லட்டை எடுத்துத் தின்று தொலைத்தவனும் நான்தான். ஆனால் பச்சை டப்பாவில் வருகிற வெள்ளைப் பொடியைச் சர்க்கரையோடு சேர்த்து நினைக்க என் பி.காம். மூளைக்குத் தோன்றவில்லை. அது தெம்பு. அவ்வளவுதான். மாஸ்டருக்கும் அதே நம்பிக்கை. வாத்தியார் கொடுக்கிறார், குடித்தார்.

டாக்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் நான் அழுதுவிட்டேன். மாஸ்டர் தோளைத் தட்டினார்.

"உடுங்க தம்பி. கோடு கோணினா வேற துணி விரிக்கறதில்லீங்களா? இன்னும் ஆறு வாரம் இருக்குது." கொஞ்சம் தள்ளி நடந்தவர் திரும்பி, "டப்பால மிச்சமிருந்தா நீங்களே குடிச்சுருங்க. நல்லாத்தான் இருந்துது" என்றார்.

குடித்துத் தீர்த்தேன். இன்றைக்கு எனக்கு வந்திருப்பது அதன் பாக்கியோ என்னவோ.

அதற்குப் பிறகு ஒரு நாளும் நடை தவறவில்லை. ஒரு நாள் மட்டும் ஒரு டெம்போக்காரர், நாங்கள் வாய் திறப்பதற்குள் சைக்கிளைத் தூக்கித் துணி ரோல்கள் மேல் போட்டுக்கொண்டு, "மணி கடையில எறக்கி வெச்சறன், நீங்களும் ஏறுங்க" என்றார். மாஸ்டர் அசரவில்லை. "சைக்கிள் முன்னால போகட்டுங்க. நாங்க பேசீட்டே வர்றம்" என்றார். எனக்குத் தோன்றாத பதில்.

செங்கல் ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. கெடு முடிந்த அன்று குழாயை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தோம். இலைப்பச்சை, ஓரத்தில் நீலச் சாயல். மாஸ்டர் ஷேடு கார்டைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து, "அப்ரூவ்டு" என்றார். டாக்டரும் ஊசி வேண்டாம், நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் யாரோ மறந்து போட்டிருந்த நாற்காலியை மாஸ்டர் காலால் தள்ளினார். சாதாரணமாகத் தள்ளுவதைவிடக் கொஞ்சம் தூரமாகவே போனது.

இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் நின்றார். நடையை விடவே இல்லை. ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்த பிறகும் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தார். கை பழகிவிட்டது என்பார். வாத்தியாரான நானோ சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டு மொபெட் வாங்கிவிட்டேன். ஒரு காலை, அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவன், முன்னால் யாரோ சைக்கிளைத் தள்ளிப் போவதைப் பார்த்து, பக்கத்தில் நிறுத்தி, "ஏனுங்க, பஞ்சருங்களா?" என்றேன். திரும்பியவர் மாஸ்டர். ரோட்டோரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எனக்கு ஒரே ஒரு லிப்ட்தான் பாக்கி தம்பி. நாலு பேரு தோள்ல தூக்கறது. அதுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லமாட்டன்."

அந்த நாலு பேரில் ஒருவனாகக் கொஞ்ச தூரம் நானும் தோள் கொடுத்தேன்.

கோப்பையைப் பார்த்ததிலிருந்து இதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்ததில், இன்று காலை மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றை வெளியே எடுத்தேன். காற்றுப் பிடுங்க வேண்டிய வேலையே இல்லை.

"பஞ்சர் வண்டியத் தூக்கீட்டு எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"நடக்க."

மங்கலம் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஹெல்மெட்டுக்குள் முகங்கள், காதுகளில் ஒயர்கள். அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. காரில் போகும்போது நானும் யாரையும் ஏறச் சொன்னதில்லை. நடக்கிறவரைப் பார்த்தால், பாவம், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வதோடு சரி. மணி கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். அந்த ரப்பர் வாசம் இல்லை. அங்கே போய் நின்றேன். குனிந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பது மாதிரி, எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி, அமுக்கிப் பார்த்தேன். நிமிர்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மொபெட்டின் வேகம் குறைந்தது, முன்னால் வேகத்தடை.

சட்டைப்பையில் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'நின்றுவிட்டீர்கள் போலிருக்கிறது. நடையை முடித்துக்கொள்ளலாமா?'

"இல்லீங்க" என்று அதனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன்.